விடிய விடிய நிரல் எழுதுவது வீரமா?

ஒவ்வொரு பருவ இறுதியிலும் என் கைப்பேசிக்கு ஒரே மாதிரியான படங்கள் வரத் தொடங்கிவிடும். இருட்டறையில் ஒளிரும் மடிக்கணினித் திரை, பக்கத்தில் காலியான காப்பிக் குவளைகள், திரையின் ஓரத்தில் அதிகாலை மணி 3.40. கீழே ஒரு வரி: "தூக்கமா? அப்படின்னா என்ன?" படத்தைப் பகிர்ந்தவர் பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ கணினித்துறை மாணவராக இருப்பார். நண்பர்கள் கைதட்டல் குறிகளை அள்ளி வீசியிருப்பார்கள்.

நான் 13 ஆண்டுகளாக மென்பொருள் துறையில் வேலை செய்கிறேன். ஓய்வு நேரத்தில் மாணவர்களின் இறுதியாண்டுத் திட்டப்பணிகளுக்கு வழிகாட்டியாகவும் இருக்கிறேன். அந்தப் படங்களுக்கு நான் 'லைக்' போடுவதில்லை. "அண்ணா, நாங்க எவ்வளவு கஷ்டப்பட்டோம்னு உங்களுக்குத் தெரியாது" என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டே விட்டார். தெரியும். அதனால்தான் போடுவதில்லை.

மென்பொருளில் தவறுகளைக் குறைக்கும் பழக்கங்களும் அதை எழுதுபவரின் உடல்நலத்தையும் மனநலத்தையும் காக்கும் பழக்கங்களும் பெரும்பாலும் ஒன்றேதான் என்பது என் கருத்து. நம் கல்வி நிலையங்கள் இவற்றை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கின்றன. முதலாவதைப் பாடமாக நடத்துகிறார்கள். இரண்டாவதற்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒருவரை அழைத்து, மூச்சுப் பயிற்சியைப் பற்றிப் பேச வைக்கிறார்கள். மூச்சுப் பயிற்சி நல்லதுதான். ஆனால், நாளை காலை 9 மணிக்கு ஒப்படைக்க வேண்டிய நிரலை இன்றிரவு நால்வர் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும்போது, மூச்சை எப்படி இழுத்துவிட்டாலும் பிழை போகாது.

தூக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். 1997ஆம் ஆண்டில் 'நேச்சர்' அறிவியல் இதழில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் ஒரு சிறு கட்டுரை எழுதினர். விழித்திருப்பதால் வரும் தடுமாற்றத்தையும் மதுவால் வரும் தடுமாற்றத்தையும் ஒரே அளவுகோலால் அளந்திருந்தார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவர்களின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருக்கும்போது ஏற்படும் நிலைக்கு இறங்கியிருந்தது. மலேசியா 2020ஆம் ஆண்டில் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தைத் திருத்தியபோது வாகனமோட்டிகளுக்கு விதித்த வரம்பும் அதே அளவுதான்: 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராம். காலை 6 மணிக்கு எழுந்து வகுப்புக்குப் போகும் மாணவர் இரவு 11 மணிக்கு அந்த 17 மணி நேரத்தைத் தொட்டுவிடுகிறார். பலர் அதற்குப் பிறகுதான் மடிக்கணினியைத் திறக்கிறார்கள்.

அந்த நேரத்திலும் கை வேகமாகத் தட்டச்சு செய்யும். நிரல் ஓடவும் செய்யும். கெடுவது வேறொன்று. நான் இப்போது எந்தச் சன்னலில் இருக்கிறேன், இந்தக் கட்டளை எங்கே போய் விழும், இதைத் திரும்பப் பெற முடியுமா என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும் குரல் ஓய்ந்துவிடும். அந்தக் குரல் ஓய்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தொழில்துறையில் பலரும் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு.

மாணவர்கள் பலர் தங்கள் நிரலைச் சேமித்து வைக்கும் தளங்களுள் ஒன்று 'கிட்லேப்'. 2017 ஜனவரி 31ஆம் தேதி மாலையிலிருந்தே அதன் தரவுத்தளம் திணறிக்கொண்டிருந்தது. அதைக் கவனித்துக்கொண்டிருந்த பொறியாளர், தம் ஊரில் இரவு 11 மணி ஆகிவிட்டதால் வேலையை முடித்துக்கொள்ளப் போவதாகச் சொல்லியும் விட்டார். அந்த நேரம் பார்த்து இன்னொரு சிக்கல் கிளம்பியது. முதன்மைத் தரவுத்தளத்தின் நகலாக ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது தரவுத்தளம் பின்தங்கிப்போனது. அவர் போகவில்லை. நகலில் உள்ள கோப்புகளை அழித்துவிட்டு மறுபடியும் தொடங்கலாம் என்று முடிவெடுத்து, அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். ஓரிரு வினாடிகளில் புரிந்துவிட்டது. அவர் இருந்தது முதன்மைத் தரவுத்தளத்தில். கட்டளையை நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 300 கிகாபைட் தரவில் மிஞ்சியது 4.5 கிகாபைட்தான்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்னும் முக்கியமாகப்படுகிறது. காப்பு நகல் எடுக்க அந்த நிறுவனத்தில் ஐந்து வகை ஏற்பாடுகள் இருந்தன. தேடிப் பார்த்தபோது ஒன்றுகூட நம்பத்தக்க நிலையில் இல்லை. ஒன்று, மென்பொருள் பதிப்புகள் பொருந்தாததால் சத்தமில்லாமல் தோல்வியடைந்துகொண்டே இருந்தது. தோல்வியைத் தெரிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. கடைசியில் கைகொடுத்தது, அதே பொறியாளர் சுமார் 6 மணி நேரத்துக்கு முன்னர் வேறொரு சோதனைக்காக எடுத்து வைத்திருந்த ஒரு நகல். தளம் மீண்டும் இயங்க முக்கால் நாள் பிடித்தது. இடைப்பட்ட 6 மணி நேரத் தரவு போனது போனதுதான்.

"அந்த ஆள் கவனமா இருந்திருக்கணும்" என்று இந்தக் கதையைக் கேட்கும் மாணவர்களில் பாதிப் பேர் உடனே சொல்கிறார்கள். இருந்திருக்கலாம். ஆனால், கவனத்தை மட்டும் நம்பி ஓடும் அமைப்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்? இரவு 11 மணிக்குப் பிறகு தனியாக ஒருவர் ஒரே கட்டளையில் அத்தனையையும் அழிக்க முடிந்தது ஏன்? இரண்டு சன்னல்களும் ஒரே மாதிரி தெரிந்தது ஏன்? காப்பு நகலிலிருந்து மீட்க முடிகிறதா என்று யாரும் முன்பே முயன்று பார்க்காதது ஏன்? அந்த நிறுவனம் இத்தகைய கேள்விகளைத்தான் கேட்டது. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டியது. பிறகு வெளியிட்ட நீண்ட அறிக்கையில் பொறியாளரின் பெயர் இல்லை, "குழு உறுப்பினர் 1" என்றுதான் இருந்தது. பழி தேடாமல் காரணம் தேடும் இந்த முறை இப்போது நல்ல மென்பொருள் நிறுவனங்களில் வழக்கமாகிவிட்டது. விமானத் துறையும் மருத்துவத் துறையும் இதே பாடத்தைப் படித்திருக்கின்றன.

பழி தேடும் இடத்தில் வேலை செய்பவர் தவறை மறைப்பார். அது மனித இயல்பு. மறைத்த தவறு வளரும். அதை மறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவருக்குத் தூக்கம் வராது. மறுநாள் அதே தூக்கமில்லாத மூளையோடு அவர் இன்னொரு கட்டளையைத் தட்டச்சு செய்வார்.

களைப்பு மட்டுமே காரணம் என்று சொல்ல வரவில்லை. நன்றாகத் தூங்கி எழுந்தவர்களும் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். 2012 ஆகஸ்ட் 1ஆம் தேதி அமெரிக்கப் பங்குச் சந்தை திறந்தவுடன் 'நைட் கேப்பிட்டல்' நிறுவனத்தின் கணினிகள் கட்டுப்பாடின்றிப் பங்குகளை வாங்கி விற்கத் தொடங்கின. 45 நிமிடங்களில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள். இழப்பு 460 மில்லியன் அமெரிக்க டாலருக்கும் அதிகம். காரணம், புதிய நிரலை 8 சர்வர்களில் ஏற்ற வேண்டியவர் ஒன்றை விட்டுவிட்டார். அந்த எட்டாவது சர்வரில் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாத பழைய நிரல் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. புதிய நிரலுக்கான அதே அடையாளக் கொடி அதைத் தட்டி எழுப்பிவிட்டது. ஏற்றிய பிறகு இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்துபூர்வமான நடைமுறை அங்கே இல்லை என்று அமெரிக்கப் பங்கு, பரிவர்த்தனை ஆணையம் பின்னர் சுட்டிக்காட்டியது. சந்தை திறக்கும் முன்பே கணினி தானாக 97 எச்சரிக்கை மின்னஞ்சல்களை அனுப்பியிருந்தது. அவற்றை யாரும் அவசரச் செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. மின்னஞ்சல்கள் குவியும் பெட்டியில் 97 என்பது ஓர் எண்ணிக்கையா என்ன!

இரண்டாவது கண் ஒன்று பார்த்திருந்தால், அந்த ஊழியரின் மறதி ஒரு 'அட, விட்டுட்டேனே' என்பதோடு முடிந்திருக்கும். இதனால்தான், உங்கள் நிரலை இன்னொருவர் பார்ப்பதை அவமானமாக நினைக்காதீர்கள் என்று மாணவர்களிடம் சொல்கிறேன். அது உங்கள் தோளில் இருக்கும் பாரத்தில் பாதியை இன்னொருவர் வாங்கிக்கொள்வது. இரண்டு பேர் பார்த்து அனுப்பிய நிரலில் பிழை வந்தால் அது இருவரின் பிழை. நள்ளிரவில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

நம் வட்டாரத்துக்கே வருவோம். 2024 ஜூலை 19ஆம் தேதி, ஒரு வெள்ளிக்கிழமை நண்பகல். சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் எழுதிப் பதிவுசெய்ய வேண்டியதாயிற்று. 'கிரவுட்ஸ்டிரைக்' என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சிறு மேம்பாட்டால் உலகெங்கும் சுமார் 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. பிழை என்னவென்று கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு பக்கம் 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது, மறுபக்கம் 20தான் கொடுத்தது. முதலாமாண்டு மாணவருக்கும் வரக்கூடிய பிழை. ஆனால், பெரிய தவறு அதுவன்று. அந்த வகை மேம்பாட்டை முதலில் சில ஆயிரம் கணினிகளுக்கு மட்டும் அனுப்பிப் பார்க்கும் படிப்படியான முறை அப்போது இல்லை. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போய்விட்டது. நிறுவனம் 78 நிமிடங்களில் அதைத் திரும்பப் பெற்றும், ஏற்கெனவே நின்றுபோன பல கணினிகளை ஊழியர்கள் ஒவ்வொன்றாகப் போய்த் தொட்டு எழுப்ப வேண்டியிருந்தது. அந்த வார இறுதியில் உலகமெங்கும் தூக்கத்தைத் தொலைத்த தகவல் தொழில்நுட்ப ஊழியர்களில் பெரும்பாலோர் அந்த நிரலை எழுதியவர்கள் அல்லர். இதைத்தான் மாணவர்கள் யோசிக்க வேண்டும். நாம் அவசரமாக அனுப்பும் ஒன்று, நாம் பார்த்தேயிராத ஒருவரின் ஞாயிற்றுக்கிழமையைத் தின்றுவிடும்.

இனி உங்கள் மேசைக்கு. மாணவர் திட்டப்பணிகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் காட்சி இது. ஐந்து பேர் குழு. 12 வாரங்கள். முதல் 8 வாரங்கள் வாட்ஸ்அப் குழுவில் 'ஓகே' போடுவதில் கழியும். பிறகு குழுவில் நன்றாக நிரல் எழுதத் தெரிந்த ஒருவர் மொத்தத்தையும் தலையில் போட்டுக்கொள்வார். மற்றவர்கள் படக்காட்சி தயாரிப்பார்கள். கடைசி இரவில் எல்லாருடைய பகுதிகளையும் ஒன்றாக இணைப்பார்கள். இணையாது. 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'நிஜமான ஃபைனல்' என்று மூன்று கோப்புறைகள் இருக்கும். எதில் எது இருக்கிறது என்று அந்த ஒருவருக்குத்தான் தெரியும். அவருக்கும் அதிகாலை 4 மணிக்கு மறந்துவிடும்.

இதில் அந்த ஒருவரை எல்லாரும் நாயகன் என்கிறார்கள். எனக்கு அவர்மீது பரிதாபம்தான் வருகிறது, குழுமீது கொஞ்சம் கோபமும். ஒருவரே சுமக்கும் குழுவில் அவருக்குக் காய்ச்சல் வந்தால் திட்டப்பணிக்கும் காய்ச்சல். அவர் வேலைக்குப் போன பிறகும் இதே பழக்கம் தொடரும். எல்லாவற்றையும் தாமே செய்வார், எதையும் எழுதி வைக்கமாட்டார், விடுப்பில் போனாலும் கைப்பேசி ஒலித்துக்கொண்டே இருக்கும்.

கடைசி நேரத்தில் ஆள் சேர்த்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. ஐபிஎம் நிறுவனத்தில் ஒரு மாபெரும் மென்பொருள் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதற்கு நேர்மாறாகச் சொன்னார். தாமதமான திட்டத்தில் புதிதாக ஆள்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மூவர் குழுவில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள 3 வழிகள். ஐவர் என்றால் 10. பத்துப் பேர் என்றால் 45. புதிதாக வந்தவருக்கு விளக்கிச் சொல்லும் நேரத்தில், விளக்கத் தெரிந்தவரின் வேலை நின்றுபோகும்.

ஆகவே முதல் வாரத்திலேயே இணைத்துவிடுங்கள். ஒன்றுமே செய்யாத, 'வணக்கம்' என்று மட்டும் திரையில் காட்டும் செயலியாக இருந்தாலும் பரவாயில்லை. ஐந்து பேரின் பகுதிகளும் ஒன்றாக ஓடட்டும். பிறகு தினமும் சிறிது சிறிதாகச் சேருங்கள். 20 வரி மாற்றத்தில் பிழை வந்தால் 20 வரியில் தேடினால் போதும். 2,000 வரி மாற்றத்தில் பிழை வந்தால் அன்றைய இரவு போய்விடும். 'கிட்' போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியை ஆசிரியர் கேட்கிறார் என்பதற்காகக் கடைசி நாளில் மட்டும் திறக்காதீர்கள். நேற்று ஓடிய நிலைக்கு எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போகலாம் என்ற உறுதி இருந்தால், இன்று துணிந்து ஒன்றை மாற்றிப் பார்க்கலாம். அந்த உறுதி இல்லாதவர்தான் ஓடுகிற நிரலைத் தொடவே பயந்து உட்கார்ந்திருக்கிறார்.

சோதனை நிரல்களும் அப்படித்தான். அவற்றை மதிப்பெண்ணுக்கான தண்டனையாகப் பார்க்கிறார்கள். எனக்கு அவை, படுக்கப்போகும் முன் கதவைப் பூட்டிவிட்டோமா என்று இழுத்துப் பார்ப்பதைப் போன்றவை. இழுத்துப் பார்த்துவிட்டால் எழுந்து எழுந்து போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

இன்னொன்று, சின்னதுதான், ஆனால் ஆண்டு தவறாமல் நடப்பது. கடவுச்சொல்லையோ கட்டணச் சேவைக்கான ரகசியச் சாவியையோ நிரலுக்குள்ளேயே எழுதி, அதைப் பொதுத் தளத்தில் ஏற்றிவிடுவார்கள். பிறகு பதறிப்போய் அந்த வரியை அழிப்பார்கள். அழித்தாலும் அது பழைய பதிப்புகளில் அப்படியே இருக்கும். இத்தகைய சாவிகளுக்காகவே இணையத்தைச் சல்லடை போடும் தானியங்கி நிரல்கள் உண்டு. செய்ய வேண்டியது வரியை அழிப்பதன்று, சாவியையே செல்லாததாக்கிப் புதியது வாங்குவது. அதோடு, உடனே யாரிடமாவது சொல்வது. சொல்லப் பயந்து இரண்டு நாள் மறைத்தால், மேகக் கணினிச் சேவையின் கட்டணச் சீட்டு வந்து எல்லாருக்கும் சொல்லிவிடும்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கேட்பீர்கள். நானும் தினமும் பயன்படுத்துகிறேன். அது நிரல் எழுதும் நேரத்தைக் குறைத்திருக்கிறது, படித்துப் புரிந்துகொள்ளும் நேரத்தைக் குறைக்கவில்லை. தனக்கே புரியாத 400 வரிகளைச் செயற்கை நுண்ணறிவிடமிருந்து வாங்கி ஒட்டிய மாணவர், அது பழுதாகும் இரவில் முன்பின் தெரியாதவரின் நிரலோடு தனியாக உட்கார்ந்திருப்பார். என் குழு மாணவர்களிடம் நான் வைத்திருக்கும் விதி ஒன்றே ஒன்று: பக்கத்தில் இருப்பவருக்குத் தமிழிலோ ஆங்கிலத்திலோ விளக்க முடியாத வரியைச் சேர்க்கக் கூடாது.

மெதுவாகப் போங்கள் என்று சொன்னால், "வேலை உலகம் அப்படி இல்லையே அண்ணா" என்கிறார்கள். வேலை உலகமே சில சமயம் நிற்க வேண்டியிருக்கிறது. டிபிஎஸ் வங்கியின் மின்னிலக்கச் சேவைகள் 2023ஆம் ஆண்டில் பலமுறை தடைபட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கடையில் உணவு வாங்கிவிட்டுப் பணம் செலுத்த முடியாமல் விழித்தவர்கள் ஏராளம். அவ்வாண்டு நவம்பரில் சிங்கப்பூர் நாணய ஆணையம், அவசியமற்ற தகவல் தொழில்நுட்ப மாற்றங்களை 6 மாதங்களுக்கு நிறுத்திவைக்குமாறு அவ்வங்கிக்கு உத்தரவிட்டது. இருப்பதை முதலில் உறுதியாக்குங்கள், புதியது பிறகு வரட்டும் என்பதே அதன் பொருள். தென்கிழக்காசியாவின் ஆகப் பெரிய வங்கிக்கே அந்த இடைவெளி தேவைப்பட்டதென்றால், ஐந்து மாணவர்கள் சேர்ந்து எழுதும் செயலிக்குத் தேவைப்படாதா?

இதுவரை நிறுவனங்களைப் பற்றியே பேசிவிட்டேன். தனியாளின் சோர்வு உலகத்தின் பாதுகாப்பையே எப்படித் தொடும் என்பதற்கு ஒரு கதை உண்டு. லினக்ஸ் கணினிகளில் கோப்புகளைச் சுருக்க உதவும் 'எக்ஸ்இஸட்' என்ற மென்பொருள் உலகெங்கும் எண்ணற்ற சர்வர்களில் இருக்கிறது. அதைப் பல ஆண்டுகளாகப் பராமரித்தவர் ஊதியமின்றித் தன்னார்வத்தில் வேலை செய்தவர். 2022ஆம் ஆண்டில், மேம்பாடுகள் ஏன் இவ்வளவு மெதுவாக வருகின்றன என்று முகம் தெரியாத சிலர் அவரை நெருக்கத் தொடங்கினர். தமக்கு நீண்டகால மனநலச் சிக்கல்கள் இருப்பதையும் இது சம்பளமில்லாத பொழுதுபோக்குப் பணி என்பதையும் அவர் வெளிப்படையாகவே எழுதினார். நெருக்கடி நிற்கவில்லை. அதே காலத்தில் ஒருவர் மிகப் பணிவாக உதவ முன்வந்தார், படிப்படியாகப் பொறுப்பையும் பெற்றார். 2024ஆம் ஆண்டில் அந்த உதவியாளரின் பெயரில் வந்த பதிப்பில் ரகசியப் பின்வாசல் ஒன்று ஒளிந்திருந்தது. நெருக்கியவர்களும் உதவ வந்தவரும் ஒரே திட்டத்தின் பகுதிகள் என்றுதான் இன்று பரவலாகக் கருதப்படுகிறது. மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், தம் கணினியில் உள்நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாகிறதே என்று துருவிப் பார்த்ததால் மார்ச் 29ஆம் தேதி அது அம்பலமானது.

தாக்கியவர்கள் கண்டுபிடித்த ஓட்டை எதுவென்று பாருங்கள். நிரலில் இருந்த ஓட்டையை அவர்கள் தேடவில்லை. களைத்துப்போன, துணையில்லாத ஒரு மனிதரைத் தேடிப் பிடித்தார்கள். மனநலத்தை 'மென்மையான' விஷயம் என்று ஒதுக்கும் பொறியியல் பேராசிரியர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

பணிச்சோர்வு என்பது சோம்பலுக்கு வைத்த நாகரிகப் பெயர் என்று நினைப்பவர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் அதை நோய்களுக்கான அனைத்துலக வகைப்பாட்டில் வேலை தொடர்பான நிகழ்வாக விளக்கியது. ஆற்றல் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, செய்யும் திறன் குறைவது என்று மூன்று கூறுகளைச் சொன்னது. காரணமாக அது குறிப்பிட்டது, வேலையிடத்தில் சரியாகக் கையாளப்படாத நீடித்த மன அழுத்தத்தை. தனிமனிதரின் பலவீனத்தை அன்று. 2021ஆம் ஆண்டில் அந்நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடு கூடுதல். 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்ட கணக்கு அது.

இரவில் வேலையே கூடாது என்று நான் வாதிடவில்லை. மருத்துவமனையின் கணினி அதிகாலை 2 மணிக்குப் பழுதானால் யாராவது எழுந்துதான் ஆக வேண்டும். நானும் எழுந்திருக்கிறேன். ஆனால், ஒழுங்கான இடங்களில் அதற்கு முறைப்பட்டியல் இருக்கும். இந்த வாரம் உங்கள் முறை என்றால் அடுத்த வாரம் என் முறை. இரவில் எழுந்தவர் மறுநாள் தாமதமாக வரலாம். எதனால் எழுப்பப்பட்டார் என்று பார்த்து, அடுத்த முறை எழுப்பாதபடி சரிசெய்ய நேரம் ஒதுக்குவார்கள். தீயணைப்பாளர்கள் இரவில் வேலை செய்கிறார்கள். அதற்காக ஒரே தீயணைப்பாளரைத் தினமும் எழுப்புவதில்லை.

இதில் கல்வி நிலையங்களிடமும் எனக்கொரு குறை உண்டு. திட்டப்பணியை ஒப்படைக்கும் நேரத்தை இரவு 11.59 என்று யார் முதலில் வைத்தாரோ தெரியாது. அந்த ஒரு நிமிடத்துக்காக மாணவர்கள் முழு மாலையையும் இழக்கிறார்கள். மாலை 5 மணி என்று மாற்றிப் பாருங்களேன். விரிவுரையாளரும் விழித்திருப்பார், கேள்வி கேட்டால் பதில் வரும், மாணவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம். விடிய விடிய நடக்கும் ஹேக்கத்தான்களிலும் எனக்கு உடன்பாடில்லை. அவற்றில் நடுவராக அமர்ந்திருக்கிறேன். அதிகாலையில் எழுதப்பட்ட பகுதிதான் பெரும்பாலும் செயல்விளக்கத்தின்போது காலை வாரும். இரண்டு பகல்களில் நடத்தினால் என்ன குறைந்துவிடும்? பீட்சா செலவு கொஞ்சம் குறையும்.

மதிப்பெண் வழங்கும் முறையும் மாற வேண்டும். கடைசி நாளில் செயலி மினுக்கியதா என்று மட்டும் பார்க்காமல், 12 வாரங்களில் எத்தனை முறை இணைத்தார்கள், யார் யாருடைய நிரலைப் பார்த்துக் கருத்துச் சொன்னார்கள், உடைந்தபோது எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதற்கும் மதிப்பெண் கொடுத்தால், தனி நாயகர்கள் தானாகக் குறைவார்கள். கிட் வரலாற்றிலேயே எல்லாம் இருக்கிறது. பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

வேலைப்பயிற்சிக்கோ முதல் வேலைக்கோ நேர்காணலுக்குப் போகும் மாணவர்களுக்கு ஒரு யோசனை. இறுதியில், "எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்பார்கள். பலர் இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். "உங்கள் மென்பொருள் கடைசியாக எப்போது பழுதானது? அன்று என்ன நடந்தது?" என்று கேளுங்கள். கேள்வி பணிவானதுதான், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

என்னிடம் திட்டப்பணி செய்த ஒரு மாணவி சென்ற ஆண்டு இரண்டு இடங்களில் இதைக் கேட்டார். முதல் இடத்தில் மேலாளர் சிரித்துக்கொண்டே, "அந்தப் பையன் இப்ப இங்க இல்ல" என்றாராம். இரண்டாம் இடத்தில் ஒருவர் தம் மடிக்கணினியைத் திருப்பி, நிமிட வாரியாக எழுதிய ஓர் ஆவணத்தைக் காட்டினார். யார் பெயரும் அதில் இல்லை. அடியில் சரிசெய்ய வேண்டியவை என்று ஏழு வேலைகள், ஐந்து முடிந்துவிட்டன, இரண்டு இன்னும் முடியவில்லை. முடியாத இரண்டைப் பற்றியும் அவர் மழுப்பாமல் பேசினார். இரண்டாம் இடத்தில் சம்பளம் மாதத்துக்கு 300 வெள்ளி குறைவு. அம்மாவுக்கு அதில் வருத்தம். அந்த மாணவி இரண்டாம் இடத்தில்தான் சேர்ந்திருக்கிறார்.